படகு ஸ்டார்ட் ஆகலையா? பேட்டரியை மாற்றும் முன் வயரைப் பாருங்க!

2015 டிசம்பர் 1-ஆம் தேதி பெய்த மழையை தாம்பரம்வாசிகள் லேசில் மறக்க மாட்டார்கள். மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவானது 49 சென்டிமீட்டர். அடையாறு கரை தாண்டி முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களுக்குள் புகுந்தபோது, மாடிகளில் சிக்கியவர்களை மீட்டவை படகுகள்தான். கடலோரக் குப்பங்களில் இருந்து லாரியில் ஏற்றி வந்த மீனவர் படகுகளும் அவற்றில் அடக்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தென்சென்னைப் புறநகரில் படகுகள் ஓடின.

தெருவில் ஓடும் படகின் பாடு கடலில் ஓடுவதைவிட வித்தியாசமானது. கடலுக்குப் போகும் படகு ஒருமுறை ஸ்டார்ட் ஆனால் மணிக்கணக்கில் ஓடும், பேட்டரியும் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும். வெள்ளத்தில் அப்படியில்லை. ஒரு வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்த வேண்டும், ஆட்களை ஏற்ற வேண்டும், மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஓடும் நேரத்திலும் மெதுவாகத்தான் ஓட்ட முடியும்; அந்த வேகத்தில் ஏறும் சார்ஜ் சொற்பம். இதற்கு நடுவே சர்ச்லைட் எரியும், ஏறியவர்கள் போனுக்கு சார்ஜ் கேட்பார்கள். 55 வாட் விளக்கு ஒன்று மூன்று மணி நேரம் எரிந்தாலே சுமார் 14 ஆம்பியர்-அவர் போய்விடும். நாலைந்து வருடம் உழைத்துத் தேய்ந்த பேட்டரிக்கு அது பெரிய அடி.

அதனால்தான் பழைய மோட்டார் படகு வைத்திருப்பவர்கள், வடகிழக்குப் பருவமழைக்கு முன் பேட்டரியையும் ஸ்டார்ட்டர் வயரிங்கையும் ஒருமுறை பிரித்துப் பார்ப்பது நல்லது. பெரிய விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது. பழுதுபார்க்கும் வேலைகள் பெரும்பாலும் அப்போதே முடிந்துவிடும். தடை பொருந்தாத சிறிய ஃபைபர் படகுகளுக்கு அந்த ஓய்வு கிடையாது. நாமாகத்தான் ஒரு நாளை ஒதுக்க வேண்டும்.

ஸ்டார்ட்டர் சர்க்யூட் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. பேட்டரியின் பாசிட்டிவில் இருந்து தடித்த கேபிள் மெயின் சுவிட்சுக்குப் போகிறது. அங்கிருந்து சொலினாய்டு, பிறகு ஸ்டார்ட்டர் மோட்டார். நெகட்டிவ் கேபிள் நேராக எஞ்சின் பிளாக்கில் முடுக்கப்பட்டிருக்கும். சாவியைத் திருப்பும்போது மெல்லிய வயர் வழியே கொஞ்சம் கரண்ட் சொலினாய்டுக்குப் போகும். அது உள்ளே பெரிய காண்டாக்டை மூடி, மோட்டாரைச் சுற்ற வைக்கும். கியர் நியூட்ரலில் இல்லாவிட்டால் பல அவுட்போர்டு எஞ்சின்களில் ஸ்டார்ட்டர் சுற்றவே சுற்றாது. "டிக்" சத்தம்கூட வரவில்லையென்றால் கியரைத்தான் முதலில் பாருங்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட் 200 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். வழியில் ஏதோ ஒரு இணைப்பில் பச்சைக் களிம்பு ஏறி, வெறும் 0.01 ஓம் தடை உண்டாகியிருக்கிறது. 200-ஐ 0.01-ஆல் பெருக்கினால் 2 வோல்ட். அதாவது 12 வோல்ட் பேட்டரியில் 2 வோல்ட் அந்த ஒரு இணைப்பிலேயே சூடாகி வீணாகிறது. மோட்டார் முக்கும், சுற்றாது. நாமோ பேட்டரி போச்சு என்று புதுசுக்குக் காசு கொடுக்கிறோம்! உப்புக்காற்றில் கிடக்கும் படகில் இது சர்வசாதாரணம்.

கண்டுபிடிக்க, எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டரே போதும். எஞ்சினை நிறுத்தி சில மணி நேரம் கழித்து அளந்தால், நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. அடுத்து மீட்டரின் சிவப்பு முனையை பேட்டரி பாசிட்டிவிலும், கறுப்பு முனையை ஸ்டார்ட்டர் மோட்டாரின் பெரிய டெர்மினலிலும் வைத்து, இன்னொருவரை சாவி போடச் சொல்லுங்கள். மோட்டார் சுற்றும் அந்த நொடியில் மீட்டர் அரை வோல்ட்டைத் தாண்டினால், கோளாறு அந்த வழியில்தான். இதேபோல பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே அளந்தால் 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எர்த் பக்கத்தை யாருமே பார்ப்பதில்லை, பாதிப் பிரச்சினை அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பிரித்த பிறகு பழைய கேபிளையே சுரண்டிப் போடலாமா? முனையில் ஒரு விரல் நீளம் உறையை நீக்கிப் பாருங்கள். உள்ளே செம்பு கறுத்திருந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். கறுப்பு உள்ளுக்குள் வெகுதூரம் பரவியிருக்கும். புதிதாகப் போடும்போது ஈயம் பூசிய, பல மெல்லிழைகள் கொண்ட செம்புக் கேபிள் வாங்குங்கள். வீட்டு வயரிங்குக்கான கம்பி வேண்டாம், எஞ்சின் அதிர்வில் அது ஒடியும். லக்கை கிரிம்ப் கருவியால் அழுத்தி, மேலே உள்பக்கம் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டால் ஈரம் நுழையாது. சால்டரிங்கை மட்டும் நம்ப வேண்டாம். இணைப்பு சூடானால் அது உருகிவிடும். கேபிளின் தடிமனைக் கணக்கிடும்போது போகும் நீளத்தோடு திரும்பி வரும் நீளத்தையும் சேர்க்க வேண்டும்.

பணம் செலவழிக்கலாம் என்றால், இரண்டாவது பேட்டரி ஒன்றுக்குச் செலவழியுங்கள். ஒன்று ஸ்டார்ட்டருக்கு மட்டும். மற்றது விளக்கு, ஜிபிஎஸ், வயர்லெஸ், போன் சார்ஜருக்கு. நடுவே ஒரு மாற்று சுவிட்ச். விளக்கு எவ்வளவு எரிந்தாலும் ஸ்டார்ட்டர் பேட்டரி குறையாது. எஞ்சின் ஓடும்போது மட்டும் அந்த சுவிட்சை 'ஆஃப்' பக்கம் திருப்பிவிடாதீர்கள், ஆல்டர்னேட்டரின் டயோடுகள் எரிந்துபோகும். ஸ்டார்ட்டரின் தடித்த கேபிளுக்கு வழக்கமாக ஃபியூஸ் போடுவதில்லை. மற்ற எல்லா வயருக்கும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் கட்டாயம். படகில் சேரும் தண்ணீரை இறைக்கும் தானியங்கி பம்பை மெயின் சுவிட்சுக்கு முன்னாலேயே தனி ஃபியூஸோடு இணைத்தால், சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாலும் மழைநீரை அது இறைத்துக்கொண்டிருக்கும்.

வேலையில் இறங்கும் முன் பெட்ரோல் டாங்க்கை அப்புறப்படுத்தி, மூடிகளைத் திறந்து காற்றாட விடுங்கள். சார்ஜ் ஆகும் பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும், ஒரு தீப்பொறி போதும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பேட்டரியை மூடியுள்ள பெட்டியில் வைத்து பெல்ட்டால் கட்டுங்கள். உள்ளே கடல் நீர் புகுந்தால் குளோரின் வாயு உண்டாகலாம். மூச்சுக்கு அது ஆபத்து. கழற்றிய பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல் விற்பனையாளரிடமே கொடுங்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் அதற்காகத்தான் இருக்கின்றன, விலையிலும் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள்.

இவ்வளவு செய்தும் ஒருநாள் பேட்டரி கைவிடலாம். நடுத்தர அளவு அவுட்போர்டு எஞ்சின் பலவற்றில் மேல்மூடியைக் கழற்றி, ஃபிளைவீலில் கயிறு சுற்றி இழுத்து ஸ்டார்ட் செய்ய வழி உண்டு. அந்தக் கயிறு படகில் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

வெள்ள நேரத்தில் படகு கொடுத்து உதவ நினைப்பவர்கள் தாங்களாகவே தண்ணீரில் இறங்க வேண்டாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077-லும், மாநில அவசரகால மையத்தை 1070-லும் அழைத்து, படகு எங்கே இருக்கிறது, எத்தனை பேர் ஏறலாம், ஓட்டத் தெரிந்தவர் கூட வருவாரா என்று சொல்லுங்கள். கடலில் படகு நின்றுபோனால் இந்தியக் கடலோரக் காவல்படையின் எண் 1554. மழை, புயல் எச்சரிக்கைகளுக்கு டிஎன்-அலர்ட் செயலியை போனில் ஏற்றி வைத்துக்கொள்ளலாம்.