நட்சத்திர வரைபடத்தில் சுரம் தேடியவர்

கடலோடிகளுக்கு நட்சத்திரங்கள் வழி தவறாமல் இருக்க உதவின. அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ், தன் ரசனை இழுத்துச் செல்லும் பழகிய வழியிலிருந்து தவறுவதற்காகவே நட்சத்திரங்களிடம் போனார். 1961-62இல் அவர் எழுதிய 'அட்லஸ் எக்லிப்டிகாலிஸ்' அப்படிப் பிறந்தது. தலைப்புகூட அவருடையதல்ல, செக் வானியலாளர் அன்டோனின் பெச்வார்ஷ் வெளியிட்ட வான்வரைபடத் தொகுப்பின் பெயர் அது.

வேலை நடந்த விதம் இது. வரைபடத்தின்மேல் ஒளி ஊடுருவும் தாளை வைத்து, கீழே தெரியும் நட்சத்திரங்களைப் புள்ளிகளாகக் குறித்துக்கொள்வார். புள்ளி மேலே இருந்தால் சுரம் உச்சத்தில், கீழே இருந்தால் மந்தரத்தில். இடமிருந்து வலமாக நேரம் ஓடும். குறியின் பருமன் பெரிதானால் ஒலியும் பெரிது.

ஆனால் வானத்தில் கணக்கற்ற நட்சத்திரங்கள். எதை எடுப்பது, எதை விடுவது? அதைத் தானே முடிவு செய்தால் மறுபடியும் தன் ரசனைதானே வந்து உட்காரும்! அதற்குத்தான் 'ஐ சிங்' என்ற பழைய சீனக் குறிநூல். மூன்று நாணயங்களை ஆறு தடவை சுண்டினால் 64 வடிவங்களில் ஒன்று கிடைக்கும். நான்கு வழிகளில் ஒன்றைத் தேர வேண்டுமா? 1 முதல் 16 வரை வந்தால் முதல் வழி, 17 முதல் 32 வரை இரண்டாவது என்று பங்கிட்டுக்கொள்ளலாம். பூக்கட்டிப் பார்ப்பவர்கள் பிடிக்காத பூ வந்தால் இன்னொரு தடவை பார்ப்பதுண்டு. கேஜின் முறையில் அந்தச் சலுகை கிடையாது. எந்தக் கேள்வியைக் கேட்பது என்பது மட்டுமே அவர் கையில். வந்த பதில் வந்ததுதான்.

இந்தக் கட்டுப்பாடு எல்லோருக்கும் புரிந்துவிடவில்லை. 86 கருவிகளுக்கான இந்தப் படைப்பை 1964இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் வாசித்தபோது, கலைஞர்கள் சிலர் தாளில் இருந்ததை விட்டுவிட்டு இஷ்டத்துக்கு வாசித்தார்கள். கருவிகளில் பொருத்திய மைக்குகளும் தப்பவில்லை. 'தற்செயல்தானே, எதை வாசித்தால் என்ன' என்ற நினைப்பு. சுரங்களைத் தேர்ந்த தற்செயல் எழுதும்போதே முடிந்துவிட்டது, வாசிப்பவர் முன்னால் இருப்பது எழுதி முடித்த குறிப்பு என்பதை அவர்கள் பொருட்படுத்தவில்லை. என்னைக் கேட்டால், கேஜைப் பற்றி இன்றும் நிலவும் பெரிய தப்பெண்ணம் இதுதான்.

பிறகும் அவர் வரைபடங்களை விடவில்லை. தென்வானத்தின் வரைபடத்திலிருந்து, பியானோ கலைஞர் கிரேட்டே சுல்தானுக்காக 'எத்யூட் ஆஸ்திராலெஸ்' என்ற 32 பயிற்சி இசைத் துண்டுகளை எழுதினார். அவற்றில் இரண்டு கைகளுக்கும் தனித்தனிக் குறிப்புகள். ஒரு கை மற்றதற்குத் துணை போகாது. விசைப்பலகை முழுவதும் குறுக்கும் நெடுக்கும் பாய வேண்டும். அடுத்து வயலினுக்கான 'ஃப்ரீமன் எத்யூட்ஸ்'. நட்சத்திரங்களுக்கு வயலின் விரல்களைப் பற்றி என்ன கவலை? சுரங்கள் வந்து குவிந்தன. இதை மனிதர் வாசிக்க முடியாது என்று 1980இல் பாதியில் நிறுத்திவிட்டார் கேஜ். சில ஆண்டுகள் கழித்து வயலின் கலைஞர் இர்வின் ஆர்டிட்டி, கேஜ் அதுவரை எழுதியிருந்த பகுதியை அசுர வேகத்தில் வாசித்துக் காட்டவே, கேஜ் மீண்டும் உட்கார்ந்து 1990இல் மிச்சத்தை முடித்தார்.