குரல் உங்கள் பிள்ளையுடையது, பேசுவது யார்?

மாரீசன் என்றாலே நமக்கு மாய மான்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ஆனால் அவன் செய்த பெரிய மோசம் மான் வேஷம் போட்டது அல்ல. அம்பு பட்டு விழுந்தபோது இராமனுடைய குரலிலேயே அலறினானே, அதுதான். 'இது அரக்கர் சூழ்ச்சி' என்று லட்சுமணன் எவ்வளவோ எடுத்துச் சொன்னான். சீதை கேட்டாளா? காதில் விழுந்தது கணவனின் குரல் அல்லவா! பதறிய மனசுக்கு நியாயம் எங்கே ஏறும்?

அந்த மாரீச வித்தையை இப்போது கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டுவிட்டது.

மாம்பலத்தில் ஓர் அம்மாள் சமையலை முடித்துவிட்டுச் சற்று உட்காருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். செல்போன் மணி அடிக்கிறது. தெரியாத நம்பர். எடுத்தால், கோயமுத்தூர் ஹாஸ்டலில் இருந்து படிக்கும் மகனின் அழுகுரல்!

"அம்மா, நான்தாம்மா! வண்டியிலே ஒருத்தரை இடிச்சுட்டேன். போலீஸ் ஸ்டேஷன்லே உட்கார வச்சிருக்காங்க. அப்பாகிட்டே சொல்லிடாதேம்மா..."

மறுகணம் அதட்டலான வேறொரு குரல் வருகிறது. "ஐம்பதாயிரம் அனுப்பினால் கேஸ் இல்லாமல் முடித்துவிடலாம். அதுவரை போனை வைக்கக் கூடாது." பிள்ளையாண்டானோ அந்த நேரத்தில் சமர்த்தாக வகுப்பில் பாடம் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

பத்திரிகைக்காரர்களின் கற்பனை என்று தள்ளிவிடாதீர்கள். 2023-ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவில் அரிஸோனா மாநிலத்துத் தாய் ஒருத்திக்கு இப்படித்தான் போன் வந்தது. பதினைந்து வயது மகளின் விம்மல். பிறகு ஓர் ஆணின் மிரட்டல். பத்து லட்சம் டாலர் கேட்டவன் ஐம்பதாயிரத்துக்கு இறங்கி வந்தான். கேட்டது மகளின் குரலேதான் என்பதில் தாய்க்குச் சந்தேகமே எழவில்லை. நல்ல வேளையாக, அருகில் இருந்தவர்கள் வேறு போனில் விசாரித்து, மகள் பத்திரமாக இருக்கிறாள் என்று அறிந்து சொன்னார்கள், பணம் தப்பியது. அதே ஆண்டு ஜூனில் அந்தத் தாய் அமெரிக்க செனட் சபைக் குழுவின் முன் இந்தக் கதையைச் சொன்னாள்.

பக்கத்துக் கேரளத்துக்கு வருவோம். 2023-இல் கோழிக்கோட்டில் ஓய்வு பெற்ற ஒருவருக்கு, பழைய சகா ஒருவரின் முகமும் குரலுமாக வாட்ஸப்பில் அழைப்பு வந்தது. உறவினருக்கு அவசர ஆபரேஷன் என்றதும் 40,000 ரூபாய் அனுப்பிவிட்டார். மேலும் 35,000 கேட்டபோதுதான் பொறி தட்டியது. தம்மிடம் இருந்த பழைய நம்பரில் நண்பரை அழைத்தார். நண்பருக்கு ஒன்றுமே தெரியாது! உடனே புகார் செய்ததால் பணம் மீண்டது. 2024-இல் தமிழ்நாடு போலீஸின் சைபர் குற்றப் பிரிவும் இந்தக் குரல் மோசடி பற்றி எச்சரிக்கை விடுத்தது.

எப்படிச் செய்கிறார்கள்?

ஒவ்வொருவர் குரலுக்கும் ஒரு ஏற்ற இறக்கம், ஒரு கனம், ஒரு வேகம் உண்டு. செயற்கை நுண்ணறிவு இவற்றைக் கேட்டுப் பதிந்துகொள்கிறது. பிறகு எந்த வாக்கியத்தை எழுதிக் கொடுத்தாலும் அதே குரலில் ஒப்பிக்கும். மூன்றே விநாடிக் குரல் மாதிரி போதும் என்று மைக்ரோஸாப்ட் ஆராய்ச்சியாளர்கள் 2023 ஜனவரியிலேயே காட்டிவிட்டார்கள். பிள்ளை பாட்டுப் பாடியதையும், பெண் நவராத்திரிக் கொலுவை விவரித்ததையும் ஊரெல்லாம் பார்க்கும்படி நாமே இன்ஸ்டாகிராமில் போட்டு வைக்கிறோமே, குரலுக்குப் பஞ்சமா?

ஆகவே, குரலை வைத்து ஆளை அறிவது இனி நடவாது. பேச்சின் போக்கைப் பாருங்கள். அவசரம், ரகசியம், பணம் என்ற மூன்றும் ஒன்று சேர்ந்து வந்தால் மோசடி என்றே எண்ணிக்கொள்ளுங்கள். 'இப்போதே' என்பார்கள்; 'யாரிடமும் சொல்லாதே' என்பார்கள்; 'போனை வைக்காதே' என்பார்கள். நாம் ஆற அமர யோசித்துவிடக் கூடாதே என்ற பயம் அவர்களுக்கு!

என்ன செய்யலாம்?

முதல் காரியம், போனை வைத்துவிடுவதுதான். உங்களிடம் ஏற்கனவே உள்ள நம்பரில் பிள்ளையை நீங்களே கூப்பிடுங்கள். எடுக்கவில்லையா? ஹாஸ்டல் வார்டன், அறைத் தோழன், ஆபீஸ் சிநேகிதி என்று யாரையாவது கேளுங்கள். அந்த நம்பர்களைச் சமையலறைக் காலண்டரில் இன்றே எழுதி வையுங்கள். திரையில் மகனின் பெயரே தெரிந்தாலும் நம்பிவிட வேண்டாம். நம்பரையும் பொய்யாகக் காட்ட வழி உண்டு.

இரண்டாவது, குடும்பத்துக்கென்று ஒரு சங்கேத வார்த்தை. அமெரிக்காவின் எப்.பி.ஐ. இலாகாவே 2024-இல் இந்த யோசனையைச் சொன்னது. நாய்க்குட்டியின் பெயரோ, படித்த பள்ளிக்கூடமோ உதவாது. அவையெல்லாம் பேஸ்புக்கிலே கிடக்கும். பாட்டிக்கு வார்த்தை மறந்துபோகுமே என்றால், அவர் ஒரு கேள்வி கேட்கட்டும்: "உன் அக்கா கமலா பக்கத்தில் இருக்கிறாளா?" கமலா என்று ஓர் அக்காவே இல்லாத வீட்டில், 'இருக்கிறாள்' என்று பதில் வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்!

"குழந்தை கதறும்போது போனைக் கீழே வைக்கப் பெற்ற மனம் துணியுமா?" என்று கேட்பீர்கள். கஷ்டம்தான். அந்தப் பாசத்தைத்தானே அவர்கள் மூலதனமாக்குகிறார்கள்? ஆனால் யோசித்துப் பாருங்கள். பிள்ளை உண்மையிலேயே ஆபத்தில் இருந்தால், அவன் இருக்கும் இடத்தைத் தேடிப் பிடிப்பதுதான் அவனுக்கு உதவி. முகம் தெரியாதவன் கணக்கில் பணம் கட்டுவது உதவியாகாது. போனை வைப்பது கல்மனசு அல்ல. தேடுவதன் முதல் படி.

பணம் போய்விட்டதென்றால், அழுதுகொண்டு உட்கார வேண்டாம். இந்தியா முழுவதற்கும் பொதுவான 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். உங்கள் பாங்கிக்கும் சொல்லுங்கள். பணம் கை மாறிப் போவதற்குள் நிறுத்தி வைக்க முயல்வார்கள். ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்.

அந்த நிமிஷங்களைத் தின்பது எது தெரியுமா? வெட்கம். "வீட்டில் தெரிந்தால் ஏசுவார்களே" என்று பொழுது சாயும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. ஆகையால் மாமியாரோ, தகப்பனாரோ ஏமாந்துவிட்டால் "இதுகூடத் தெரியாதா?" என்று கடிந்துகொள்ளாதீர்கள். ஏமாந்தது அறிவு அல்ல, அன்பு. எதைச் சொன்னாலும் திட்டமாட்டார்கள் என்ற தைரியம் வீட்டிலே இருந்தால், அதுவே பெரிய காவல்.

இன்று இராத்திரி எல்லோரும் சாப்பிட உட்காரும்போது அந்தச் சங்கேத வார்த்தையை முடிவு செய்துவிடுங்கள். அப்புறம், அது எத்தனை வேடிக்கையான வார்த்தையாக இருந்தாலும் சரி, தயவுசெய்து எதிர்வீட்டு மாமியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்!