பதில் வராத கடிதங்கள்

நமது பாடசாலைகளில் சிறுவர்களுக்குக் கடிதம் எழுதக் கற்பிக்கும் முறையைச் சற்றே கவனியுங்கள். உபாத்தியாயர் கரும்பலகையில் விடுமுறை விண்ணப்பம் ஒன்றை எழுதுகிறார். நாற்பது குழந்தைகளும் அதைப் பார்த்து எழுதுகின்றனர். நாற்பது பேருக்கும் ஒரே தினத்தில் ஒரே ஜுரம்! 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்' என்று நாற்பது பேருக்கும் ஒரே முடிவு. அக்கடிதங்கள் எவருக்கும் அனுப்பப்படுவதில்லை, பதிலும் வருவதில்லை. இதற்குக் கடிதம் என்று பெயரிடுவது எங்ஙனம் பொருந்தும்?

படிப்பவர் ஒருவர் இருந்தாலன்றோ அது கடிதமாகும்? அவர் அறிந்தது எது, அறியாதது எது, எப்படிச் சொன்னால் இணங்குவார் என்று குழந்தை சிந்திக்கத் தொடங்கும் இடத்திலேதான் கற்பனை பிறக்கிறது.

1860-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் கிரேஸ் பெடல் என்னும் பதினொரு வயது அமெரிக்கச் சிறுமி, ஜனாதிபதி தேர்தலுக்கு நின்ற ஆபிரகாம் லிங்கனுக்குக் கடிதம் எழுதினாள். அவரது முகம் ஒல்லியானது. தாடி வளர்த்தால் எடுப்பாயிருக்கும். பெண்களுக்குப் பிடித்துவிட்டால் தம் கணவர்களை அவருக்கே வோட்டளிக்கச் செய்வார்கள் என்பது அவள் வாதம். வோட்டுரிமையற்ற பெண்கள் செல்வாக்கை வேறெப்படிச் செலுத்துவது? லிங்கன் சில தினங்களிலேயே பதில் எழுதினார், தாடியும் வளர்த்தார். 1861-ல் பதவியேற்கச் செல்லும் வழியில் அவளது ஊரில் ரயில் நின்றபோது அவளை நேரில் கண்டார். கரும்பலகையைப் பார்த்து எழுதிய கடிதத்தால் இது நடந்திருக்குமா?

இது ஒரு சிறுமியின் தனித் திறமை. வகுப்பு முழுவதற்கும் ஆகுமோ என்று ஐயுறலாம். பிரான்ஸ் தேசத்து உபாத்தியாயர் செலஸ்தீன் பிரேனே ஆகுமென்று காட்டினார். முதல் உலக யுத்தத்தில் நுரையீரலில் காயமுற்ற அவருக்கு நெடுநேரம் உரக்கப் பேசுவது கஷ்டமாயிருந்தது. 1920-களில் அவர் வகுப்பறையில் சிறு அச்சுப் பொறி ஒன்றை வைத்தார். தென்கோடி மலைக்கிராமத்திலிருந்த அவரது மாணவர்கள் தாங்களே எழுதி, தாங்களே அச்சுக்கோத்து, அட்லாண்டிக் கரையிலுள்ள பிரிட்டனி மாகாணப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அனுப்பினர். கடலோரக் குழந்தைக்கு மலையை விளக்க வேண்டுமானால், தினமும் காணும் மலையையே புதிதாகக் காணவேண்டுமன்றோ?

பிழை மலியும், இலக்கணம் கெடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். படிப்பவர் தடுமாறுவாரே என்ற கவலையைவிடச் சிறந்த இலக்கண ஆசான் யார்? உபாத்தியாயர் எழுத்துப் பிழையைத் திருத்தட்டும். அபிப்பிராயத்தைத் திருத்த வேண்டாம்.

செலவு தபால் தலையோடு சரி. கடற்கரைப் பள்ளிக்கு மலைப் பள்ளி எழுதட்டும். தெருக்குழாயில் நீர் வராததைப் பஞ்சாயத்துத் தலைவருக்கு எழுதட்டும். பெரியவர்கள் தவறாது பதிலளிக்க வேண்டும்.

பிறர் எழுதித் தந்த மனுவில், வாசித்தும் பாராமல் கையெழுத்திடுவோரை வக்கீல் தொழிலில் அன்றாடம் காண்கிறோம். பெயர்த்தெழுதியே வளர்ந்தவர்கள் வேறென்ன செய்வார்கள்? தன் வார்த்தையில் தன் குறையைச் சொல்லிப் பதில் கேட்கத் தெரிந்தவனே பிரஜை. அந்தப் பாடத்தை ஆறு வயதில் தொடங்குவோம்.