அயிரையும் ராணியும் ஒரே தொட்டியில் வாழுமா?

மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு அயிரை மீனை அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அறிமுகம் குழம்புச் சட்டியோடு சரி. அதே அயிரையின் சொந்தபந்தங்கள் வங்காளத்தில் கண்ணாடித் தொட்டி மீன்களாக விலை போகின்றன என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாக்பஜார் காலிஃப் தெருச் சந்தைக்குப் போனால் தண்ணீரும் காற்றும் அடைத்த பிளாஸ்டிக் பைகளில் வண்ண மீன்கள் வரிசையாகத் தொங்கும். ஹவுரா மாவட்டத்தில் பல கிராமங்களில் வண்ண மீன் வளர்ப்பு குடிசைத் தொழிலாகவே நடந்து வருகிறது. சாந்த்ராகாச்சியில் குடியிருப்பவர்களுக்கு இந்தப் பொழுதுபோக்கு வாசலுக்கே வந்து நிற்கிறது எனலாம்.

அயிரைக் கூட்டத்தை ஆங்கிலத்தில் 'லோச்' என்கிறார்கள். வாயைச் சுற்றிக் குட்டி மீசைகள்; தரையை ஒட்டிய வாழ்க்கை; மணலை வாயில் அள்ளிச் சலித்து, இரை போக மீதியைச் செவுள் வழியே கொட்டும் வழக்கம். அயிரையைச் சமைக்குமுன் பாலில் விட்டு மண்ணைக் கக்க வைக்கிறார்களே, அதற்குக் காரணம் இதுதான். வங்காளத்துக் 'குதும்' மீன் நம்மூர் அயிரைக்கு உடன்பிறப்பு மாதிரி. இரண்டும் ஒரே பேரினம். மஞ்சள் உடம்பில் கரும்பட்டைகளுடன் திரியும் 'ராணி' மீனை வங்காளிகள் 'பௌ மாச்', அதாவது மணப்பெண் மீன், என்றும் அழைக்கிறார்கள். அவர்களுக்கு இது சாப்பாட்டு மீன். வெளிநாட்டாருக்கு அலங்கார மீன்.

இவற்றுக்கெல்லாம் அறிவியல் பெயர் கிடைத்த கதையில் ஹவுராவுக்கும் தொடர்பு உண்டு. சிப்பூரில் இருக்கிறதே தாவரவியல் பூங்கா, அதன் கண்காணிப்பாளராக 1814-15-ல் இருந்தவர் பிரான்சிஸ் புக்கானன் ஹாமில்டன் என்ற டாக்டர். அதற்கு முன்பே 1800-ல் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கன்னடம், மலபார் நாடுகளைச் சுற்றி எழுதியவர். கங்கை மீன்களைப் பற்றி அவர் 1822-ல் வெளியிட்ட நூலில்தான் ராணியும் குதுமும் முதன்முதலாக இடம் பெற்றன. மீனவர்கள் சொன்ன பெயர்களையே அவர் பெரும்பாலும் லத்தீனாக்கிவிட்டார். உடம்பில் கோணல்மாணலாகக் கறுப்புக் கோடுகள் கொண்ட 'லோஹாசாட்டா' 1912-ல் பெயர் பெற்றது. கடைக்காரர்கள் அதைத்தான் 'யோயோ' என்று விற்கிறார்கள்.

வகைக்கு ஒன்று வாங்கலாமா?

புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் செய்யும் வேலை பெரும்பாலும் ஒன்றுதான். ராணியில் ஒன்று, யோயோவில் ஒன்று, வரிக்குதிரை லோச்சில் ஒன்று, செம்மஞ்சள் உடம்பில் மூன்று கரும்பட்டை போட்ட 'கிளவுன்' லோச்சில் ஒன்று என்று கண்காட்சி போல வாங்கி வந்து ஒன்றரையடித் தொட்டியில் விட்டுவிடுவார்கள். ஒரு மாதத்தில் ஒன்று மெலிந்துபோகும், ஒன்று மூலையை விட்டு வராது, மற்றொன்று எல்லாவற்றையும் விரட்டும். 'மீன் ராசியில்லை' என்று தொட்டியைப் பரணில் ஏற்றிவிடுவார்கள். ராசி என்ன செய்யும்? வகைகளைக் கலந்ததைவிட, ஒவ்வொன்றையும் தனியாக விட்டதுதான் அங்கே பெரிய தவறு.

லோச் கூட்டத்தோடு வாழும் மீன். முக்கியமாக ராணியும் யோயோவும் அடங்கிய 'போட்டியா' வகைகளுக்குள் யார் பெரியவர் என்ற வரிசை உண்டு. இரண்டு மீன்கள் பக்கம் பக்கமாக நின்று முட்டிக்கொள்ளும். அப்போது பட்டைகளின் நிறம் வெளுத்துப்போகும். 'டிக் டிக்' என்ற சத்தம்கூடத் தொட்டிக்கு வெளியே கேட்கும். பழக்கமில்லாதவர்கள் பயந்துபோய் மீன்களைப் பிரித்து வைப்பதுண்டு. வேண்டியதே இல்லை. ஐந்தாறு மீன்கள் இருக்கும்போது இந்தச் சண்டை எல்லோரிடமும் பங்கிடப்பட்டு, யாரும் காயப்படாமல் முடியும். இரண்டே மீன்கள் இருந்தால் பலமெல்லாம் ஒன்றின் மீதே இறங்கும். தனியாக ஒன்று என்றால் சோர்வு, அல்லது அயல் மீனைத் துரத்தும் மூர்க்கம்.

வெளியூர் மெஸ்ஸில் தங்கியவர்களுக்கு இது புரியும். ஊர்க்காரர் நாலு பேர் உள்ள அறையில் வேற்றூர்க்காரரோடும் சிநேகம் வரும். தன்னந்தனியாக வந்தவன்தான் யாரோடும் ஒட்டமாட்டான்.

ஆகவே ஒரு வகையில் குறைந்தது ஐந்து. இரண்டு வகை வேண்டுமென்றால் பத்து. மூன்றடி நீளம், ஒன்றேகாலடி அகலம், ஒன்றேகாலடி உயரத் தொட்டியில் சுமார் 130 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அது சிறிய வகை ஒன்றுக்குத்தான் சரி. நாலடி நீளமும் ஒன்றரையடி அகல உயரமும் உள்ள தொட்டியில் சுமார் 250 லிட்டர் கொள்ளும். இரண்டு வகைகளை வைப்பதானால் அதற்குக் கீழே யோசிக்காமலிருப்பது நல்லது. வாடகை வீட்டில் இவ்வளவு கனம் வைக்குமுன் தரையையும் வீட்டுக்காரரையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்!

யாரோடு யாரைச் சேர்ப்பது?

ராணி, யோயோ, வரிக்குதிரை ஆகிய மூன்றும் போட்டியா குடும்பத்துப் பங்காளிகள். அளவொத்ததாகப் பார்த்து ஒரே நாளில் விட்டால் ஒத்துப்போகும். முன்பின்னாக விட்டால் முதலில் வந்தவர் வீட்டுக்காரராகிவிடுவார். ஒளிய இடம் மீன்களின் எண்ணிக்கையைவிட ஒன்றிரண்டு கூடுதலாக இருக்க வேண்டும். உடைந்த மண்சட்டி, வழவழப்பான கல் எல்லாம் போதும். ஆனால் கூர்மையான கல்லும் சரளையும் மீசையைத் தேய்த்துவிடும். நைஸ் மணல்தான் ஏற்றது.

கிளவுன் லோச் சுமத்ரா, போர்னியோ தீவுகளிலிருந்து வரும் விருந்தாளி. சாது. ஆனால் கடையில் இரண்டு அங்குலமாக இருப்பது வருஷங்கள் போக ஓர் அடி வரை வளரும். இருபது வருஷம் வாழ்ந்தவையும் உண்டு. சின்னத் தொட்டிக்காரர்கள் அதை ரசித்துவிட்டுத் திரும்புவதே நல்லது. தென்கிழக்கு ஆசியாவின் 'ஸ்கங்க்' லோச்சும், சிவந்த துடுப்புள்ள நீலச் சாம்பல் லோச்சும் அழகில் குறைந்தவையல்ல; குணத்தில் பொல்லாதவை. ராணியோடு சேர்க்கலாகாது.

அயிரை, குதும், பாம்புக்குட்டி போன்ற 'கூலி' லோச் ஆகியவை தமக்குள் சண்டையில்லாமல் மணலில் புதைந்து கிடக்கும். இவற்றைப் போட்டியாக்களோடு விட்டால் அடிதடி நடக்காவிட்டாலும் பட்டினி நடக்கும். போட்டியா தின்று முடித்த பிறகுதான் இவை தலை நீட்டும். தனித் தொட்டி கொடுப்பதே தர்மம். மலை ஓடைகளில் பாறையை ஒட்டி வாழும் லோச் வகைகளுக்கோ வேகமான ஓட்டமும் குளிர்ந்த நீரும் வேண்டும். இங்கேதான் தண்ணீரின் கணக்கு வருகிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். ஹவுராவின் மே மாத வெக்கையில் தொட்டி நீர் 30-ஐத் தாண்டுவது சாதாரணம். கால்பைசாகி புயலில் மின்சாரமும் போய், ஏர் பம்ப்பும் நின்றால் முதலில் வாய் திறந்து மேலே வருவது மலை ஓடை மீனாகத்தான் இருக்கும். அயிரைக்கும் குதுமுக்கும் அந்தக் கவலை குறைவு. மேலே வந்து காற்றை விழுங்கிக் குடலாலேயே சுவாசிக்கும் வித்தை அவற்றுக்குத் தெரியும்.

தீனி விளக்கணைத்த பிறகு, இரண்டு மூலைகளில் போட வேண்டும். உயிர்ப்புழு வாங்கினால் நன்றாக அலசிப் போட வேண்டும். பெரும்பாலும் சாக்கடை வாய்க்காலில் பிறந்தது அது. வெள்ளைப் புள்ளி நோய் லோச்சைத்தான் முதலில் பிடிக்கும். செதில்கள் மிக நுண்ணியவை என்பதால் மருந்தும் கடுமையாகத் தாக்கும்; மாலகைட் கிரீன் போன்றவற்றைப் பாதி அளவில்தான் தொடங்க வேண்டும். செப்பு மருந்து கூடவே கூடாது. ஒன்று சொல்ல வேண்டும்: லோச் செத்ததுபோல் பக்கவாட்டில் படுத்துத் தூங்கும். அவசரப்பட்டு எடுத்து எறிந்துவிடக் கூடாது.

ஆற்றிலிருந்து வரும் மீன்

கப்பி, மாலி, ஏஞ்சல் போன்றவை வளர்ப்புத் தொட்டியில் பிறந்தவை. கடைக்கு வரும் லோச் பெரும்பாலும் அப்படியல்ல. வடவங்காளத்திலும் அஸ்ஸாமிலும் ஆறுகளில் வலை போட்டுப் பிடித்தவை. ஹார்மோன் ஊசி போட்டு ராணி மீனைக் குஞ்சு பொரிக்க வைப்பதில் வங்கதேச மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வெற்றி கண்டிருந்தாலும், அது இன்னும் கடைத்தெருவை நிரப்பவில்லை. வரிக்குதிரை லோச்சின் நிலை இன்னும் மோசம். 1920-ல் பேராசிரியர் நாராயண ராவ் பெயர் சூட்டிய இந்த மீன் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அழியும் ஆபத்திலுள்ளதாக சர்வதேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறது. 2005 முதல் 2012 வரை இந்தியாவிலிருந்து ஆபத்திலுள்ள 30 வகை நன்னீர் மீன்கள் குறைந்தது 15 லட்சம் ஏற்றுமதியாயின என்று 2013-ல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. அதில் பெரும் பங்கு வகித்த சில மீன்களில் வரிக்குதிரையும் ஒன்று. மாதம் ஒன்று செத்து, மாதம் ஒன்று வாங்குகிற தொட்டி அந்த ஆற்றிலிருந்துதான் மாதாமாதம் எடுக்கிறது. சாந்த்ராகாச்சித் தொட்டிக்கு யோயோ ஆறு, அல்லது ராணி ஆறு. அதற்கு மேல் ஆசைப்பட அவசியமில்லை.

இடமாற்ற உத்தரவு வந்ததும் தொட்டி மீனை ஜீலில் கொட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. தென் அமெரிக்காவிலிருந்து தொட்டி சுத்தம் செய்ய வந்த 'சக்கர்' மீன் கிழக்குக் கொல்கத்தா நீர்நிலைகளில் பெருகி, மீன் வளர்ப்பவர்களுக்குத் தலைவலியானது இப்படித்தான். சென்னை வரை கொண்டு போக நினைப்பவர்கள் முதல் நாளே தீனியை நிறுத்த வேண்டும். பையில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு காற்று. லோச்சின் கண்ணுக்குக் கீழே மடக்குக் கத்தி மாதிரி ஒரு முள் உண்டு, பயந்தால் விரித்துக்கொள்ளும். வலையில் அள்ளினால் சிக்கிக்கொள்ளும், ஒற்றைப் பையைக் கிழித்தும்விடும். ஆகவே வலைக்குப் பதில் குவளை, ஒற்றைப் பைக்குப் பதில் இரட்டைப் பை. கொண்டுபோக முடியாதவர்கள் வேறொரு வளர்ப்பாளருக்குக் கொடுத்துவிடலாம். ஆளுக்கு ஒன்றாகப் பிரிக்காமல், ஆறையும் ஒரே வீட்டுக்கு.