அப்கிரேடுக்கு அப்புறம் ஸ்கிரீன் கருப்பா நிக்குதா? கார்டை அழிச்சிடாதீங்க!

ஒரு ராஸ்பெர்ரி பை போர்டு, ஒரு பழைய மானிட்டர், மேஜிக்மிரர் என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். இந்த மூணும் இருந்தா வீட்டுக்கு ஒரு ஸ்மார்ட் டிஸ்ப்ளே ரெடி. காலண்டர், வானிலை, தாத்தாவோட மாத்திரை நேரம் எல்லாம் அதுல ஓடும். ஒரு நாள் புது வெர்ஷனுக்கு அப்கிரேட் பண்ணுவீங்க. ரீபூட் ஆகும், ஸ்கிரீன் கருப்பாவே நிக்கும்.

உடனே எஸ்டி கார்டை ஃபார்மேட் பண்ணத்தான் கை போகும். கொஞ்சம் பொறுங்க. ஃபார்மேட் செய்தால் கோளாறு எங்கே என்ற தடயம் அழிந்துவிடும். மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து எழுதிய கான்ஃபிக் ஃபைலும் அதோட போயிடும். முதல் வேலையா, தாத்தாவோட மாத்திரை நேரத்தை ஒரு பேப்பரில் எழுதி சுவரில் ஒட்டிடுங்க. அப்புறம் பதற்றமில்லாமல் தேடலாம்.

கருப்பு ஸ்கிரீன் காய்ச்சல் மாதிரி. காரணம் பல இருக்கலாம். அதனால கீழ் அடுக்கில் தொடங்கி ஒவ்வொண்ணா மேலே வாங்க.

கரண்ட்: பை 4 போர்டுக்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வேணும். பழைய போன் சார்ஜர் சாதாரண நாளில் தாக்குப்பிடிக்கலாம். அப்கிரேட் சமயத்தில் புராசஸர் முழு மூச்சில் ஓடும்போது வோல்டேஜ் இறங்கிடும். அப்போ கார்டில் எழுதப்படும் ஃபைல்கள் பாதியில் நிற்க வாய்ப்பு உண்டு. முதலில் சரியான அடாப்டரை மாட்டுங்க.

ஆபரேட்டிங் சிஸ்டம்: லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியா உள்ளே போக முடியுதா? முடிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. போர்டும் லினக்ஸும் உயிரோட இருக்கு. அடுத்து கார்டில் இடம் மிச்சம் இருக்கான்னு பாருங்க. இடம் நிறைந்திருந்தால் அப்கிரேட் பாதியிலேயே நின்றிருக்கும்.

நோட் ஜேஎஸ்: மேஜிக்மிரர் இதன் மேல்தான் ஓடுகிறது. புது வெர்ஷன் புது நோட் கேட்கலாம். சில மாட்யூல்களில் சி++ பகுதி இருக்கும். அது ஒரு குறிப்பிட்ட நோட் வெர்ஷனுக்காக கம்பைல் ஆனது. நோட் 18-க்கு உள் எண் 108, நோட் 20-க்கு 115. "108-க்காக கம்பைல் ஆனது, எனக்கு 115 வேணும்" என்ற மாதிரி லாகில் எர்ரர் வந்தால், அந்த மாட்யூலின் டிபென்டன்சிகளை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யுங்க. லாகைப் படிக்கும்போது ஒரு விஷயம்: கடைசி வரியை விட முதல் எர்ரர் வரிதான் முக்கியம். மற்றவை பெரும்பாலும் அதன் பின்விளைவுகள்.

கான்ஃபிக்: ஒரு கமா விட்டுப்போனாலும் போதும், டிஸ்ப்ளே எழாது. மேஜிக்மிரரிலேயே கான்ஃபிக்கைச் சோதிக்கும் கமாண்ட் இருக்கு. அதை ஓட்டினால் எந்த வரியில் தப்புன்னு காட்டிடும்.

மாட்யூல்கள்: இங்கே பைனரி சர்ச் கைகொடுக்கும். 16 மாட்யூல் இருந்தால் 8-ஐ கான்ஃபிக்கில் டிசேபிள் செய்து ஓட்டிப் பாருங்க. டிஸ்ப்ளே எழுந்தால் வில்லன் அந்த 8-க்குள்ள இருக்கான். எழாவிட்டால் மீதி 8-ல். பிறகு 4, 2, 1. ஒரே ஒரு மாட்யூல்தான் காரணம் என்றால், 4 சுற்றில் ஆள் சிக்கிடுவான்.

ஸ்கிரீன் பக்கம்: எஸ்எஸ்ஹெச்சில் இருந்தபடியே போர்டின் 8080 போர்ட்டுக்கு ஒரு ரிக்வெஸ்ட் அனுப்புங்க. அதுதான் மேஜிக்மிரரின் வழக்கமான போர்ட். பக்கம் திரும்பி வந்தால் சர்வர் நலம். படத்தைத் திரையில் காட்டும் எலக்ட்ரானிலோ, டிஸ்ப்ளே செட்டிங்கிலோ, கேபிளிலோதான் சிக்கல்.

ஆண்ட்ராய்டில் 2016-ல் வந்த 7.0 வெர்ஷனிலிருந்து ஏ/பி அப்டேட் என்று ஒரு முறை இருக்கு. சிஸ்டத்துக்கு இரண்டு இடம். ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே புது வெர்ஷன் மற்றொன்றில் இறங்கும். புதுசு பூட் ஆகவில்லையா, பழையதுக்கே திரும்பிடும். நம்ம பை போர்டில் அதை நாமே செய்துக்கலாம். அடுத்த அப்கிரேடுக்கு முன்னால் கார்டை அப்படியே இன்னொரு கார்டுக்கு குளோன் பண்ணி வைங்க. புதுசு சொதப்பினால் பழைய கார்டைப் போட்டால் ரெண்டு நிமிஷத்தில் தாத்தாவுக்கு டிஸ்ப்ளே திரும்ப ஓடும். சொதப்பின கார்டை ஹாஸ்டலுக்கு எடுத்து வந்து நிதானமா டீபக் பண்ணிக்கலாம்.