தார் சாலையும் நான்கு வெறுங்கால்களும்

கடந்த பருவ விடுமுறைக்குத் தெமியாங் வீட்டுக்கு வந்ததும், கல்லூரி திறப்பதற்குள் பத்துக் கிலோமீட்டர் ஓடப் பழகிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். புதுச் சப்பாத்து வாங்கினேன். ஆனால் தனியாக ஓட அம்மா சம்மதிக்கவில்லை. "கறுப்பனையும் கூட்டிக்கிட்டுப் போ" என்றார். கறுப்பன் எங்கள் வீட்டு நாய். வயது இரண்டு. என்ன இனம் என்று கேட்டால் எங்களுக்குச் சொல்லத் தெரியாது. அன்று முதல் தினமும் மாலை நான்கு மணிக்கு நாங்கள் இருவரும் தாமான் சாலையில் ஓடினோம்.

மூன்றாவது வாரம் என் கணைக்கால் எலும்பின் உட்புறம் வலிக்கத் தொடங்கியது. காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போதே வலித்தது. அதே வாரத்தில் கறுப்பன் வாசலில் உட்கார்ந்து ஓயாமல் பாதத்தை நக்கிக்கொண்டிருந்தான். பாட்டிதான் அவன் காலைத் திருப்பிப் பார்த்தார். பாதத்தின் கறுப்புத் தோல் உரிந்து அடியில் சிவந்திருந்தது.

"ஏம்மா, ஒனக்குச் சப்பாத்து வாங்குன. இதுக்கு யாரு வாங்கிக் கொடுத்தா?"

பதில் சொல்ல முடியவில்லை. பாட்டி தோட்டத்தில் பிறந்தவர். வெறுங்காலோடு பெரட்டுக்கு ஓடி, வெறுங்காலோடு பால்மரம் சீவியவர். அப்போது காலுக்கடியில் இருந்தது செம்மண்ணும் உதிர்ந்த ரப்பர் இலையும். இன்று எங்களைச் சுற்றித் தாரும் சிமெண்டும்தான். சாலைதான் எங்கள் இருவர் காலையும் கெடுத்தது என்று முதலில் நம்பினேன். படிக்கப் படிக்க, பாதிதான் சரி என்று தெரிந்தது.

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் நம் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. 55 கிலோ எடையுள்ள நான் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஆயிரம் அடி வைக்கிறேன். கணக்குப் போட்டால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் நம் கால் ஒரு சுருள்வில் போல வேலை செய்கிறது. தரை கெட்டியாக இருந்தால் முழங்காலும் கணுக்காலும் சற்றுக் கூடுதலாக வளைந்து கொடுக்கின்றன. தரை மெத்தென்று இருந்தால் கால் விறைத்துக்கொள்கிறது. புதிய தரையில் வைக்கும் முதல் அடியிலேயே இந்த மாற்றம் நடந்துவிடுகிறது என்பதை 1990களின் இறுதியில் அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். அதனால் புல்லிலும் தாரிலும் உடம்புக்கு வந்து சேரும் அதிர்ச்சியில் நாம் நினைக்கும் அளவுக்கு வித்தியாசம் இல்லை.

தரைக்கு மதிப்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. நம் நாட்டின் ஓட்ட வீரர் டாக்டர் எம். ஜெகதீசனை எடுத்துக்கொள்ளுங்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடிகளில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை முறியடிக்க 2017 வரை, அதாவது 49 ஆண்டுகள், யாராலும் முடியவில்லை. ஒலிம்பிக்கில் செயற்கை ஓடுதளம் முதன்முதலாகப் போடப்பட்டது அந்த மெக்சிகோவில்தான். அதற்கு முன்பு கரிக்கசடும் மண்ணும் கலந்த தளங்களில் ஓடினார்கள். இன்றைய அனைத்துலக விதிப்படி, காங்கிரீட்டோடு ஒப்பிட்டால் 35 முதல் 50 விழுக்காடு அதிர்ச்சியை ஓடுதளம் உள்வாங்க வேண்டும். அதற்கு மேல் மெத்தென்று இருந்தால் கால் புதைந்து வேகம் போய்விடும்.

இன்னொருவர் ஜி. சரவணன். 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் வேகநடையில் தங்கம் வென்றவர். அது முழுக்கச் சாலையிலேயே நடந்த போட்டி. வேகநடையில் ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும் என்பதால் ஓட்டத்தைவிட அதிர்ச்சி குறைவு என்பது உண்மை. என்றாலும் 50 கிலோமீட்டர் தார் சாலையை ஒருவர் கால் தாங்கியது எப்படி? பல ஆண்டுப் பழக்கம்தான் பதில்.

என் தவறும் அங்கேதான் இருந்தது. எலும்பு உயிருள்ள பொருள். அடி விழ விழ அது தன்னைத் திருத்திக்கொண்டு உறுதியாகும். ஆனால் திருத்த வேலை தொடங்கும்போது பழைய எலும்பை முதலில் கரைத்துவிட்டுத்தான் புதியதைக் கட்டுகிறது. வீட்டுச் சுவரை இடித்துக் கட்டுவது போல. இடித்து முடித்த அந்தச் சில வாரங்களில் எலும்பு முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். 1855இலேயே பிரஷ்ய இராணுவ மருத்துவர் பிரைட்ஹவுப்ட், நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த வீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பதிவு செய்தார். அது எலும்பில் விழுந்த மெல்லிய விரிசல் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. நான் முதல் வாரமே தினமும் நான்கு கிலோமீட்டர் ஓடியவள். குறுக்கோட்டப் போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பயிற்சியைத் தொடங்கும் இடைநிலைப்பள்ளித் தம்பி தங்கைகள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வளரும் வயதில் முழங்கால் சில்லுக்குக் கீழே வலி வந்தால், அதை மறைத்துக்கொண்டு ஓடாதீர்கள்.

ஓடினால் மூட்டு தேய்ந்துவிடும் என்று பயமுறுத்தும் மாமாக்களுக்கும் ஒரு செய்தி உண்டு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளிவந்த கணக்கின்படி, பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 விழுக்காட்டினருக்கே இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்வு இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் அது 10.2 விழுக்காடு. போட்டி வீரர்களில் மட்டும் 13.3.

இனி கறுப்பன் கதை. நாய் விரல்களின் மேல் நிற்கும் பிராணி. அதன் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை முன்னங்கால்களே சுமக்கின்றன. அந்தக் கால்களை உடலோடு இணைக்கும் எலும்பு மூட்டு கிடையாது; தசைகளே தொட்டில் கயிறு போல உடலைத் தாங்குகின்றன. அதிர்ச்சியைத் தாங்க இதைவிட நல்ல ஏற்பாடு மனிதனிடம் இல்லை. தமிழ்நாட்டுச் சிப்பிப்பாறை நாய்கள் கரிசல் காட்டில் முயல் விரட்டியது இப்படிப்பட்ட உடம்பை வைத்துத்தான். கெட்டித் தரை கறுப்பனுக்கு ஒரு சிரமம் என்றால், சூடு அதைவிடப் பெரிய ஆபத்து. காற்றின் வெப்பம் 31 டிகிரியாக இருக்கும்போதே, நேர் வெயிலில் கிடக்கும் தார் 60 டிகிரியைத் தொடக்கூடும். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. நாயோ மூச்சிரைத்தே உடலைக் குளிர்விக்கிறது; வியர்வைச் சுரப்பி முக்கியமாகப் பாதத்தில்தான், அதுவும் பெரிதாக உதவாது. நான்கு மணிச் சாலையில் நான் சப்பாத்தோடு ஓட, அவன் அடுப்புக்கல்லின் மேல் ஓடியிருக்கிறான்.

அவன் ஏன் நிற்கவில்லை? கால்நடை மருத்துவரிடம் இதைத்தான் கேட்டேன். நீங்கள் நிற்கவில்லையே, அதனால் அதுவும் நிற்கவில்லை என்றார் அவர். நான்கு வாரம் ஓடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். இன்னும் ஒன்று சொன்னார்: ஒரு வயது நிரம்பாத குட்டியைச் சாலையில் ஓட்டவே கூடாது, பெரிய இனங்களுக்கு ஒன்றரை வயது வரை எலும்பு முனைகள் இறுகியிருக்காது.

பாட்டியின் கேள்விக்குப் பிறகு ஒரு பதில் கிடைத்தது. அலாஸ்காவில் நாய்கள் ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் பனியில் வண்டி இழுக்கும் 'இடிடரோட்' பந்தயத்தில், நாய் ஒன்றுக்கு எட்டுக் காலுறை எடுத்துச் செல்ல வேண்டும் என்பது விதி. பாட்டி நம்பவில்லை. படத்தைக் காட்டினேன். வெகுநேரம் சிரித்தார்.

அண்மைய ஆண்டுகளில் நம் நாட்டில் சில சாலைகளுக்குத் தாரோடு ரப்பரையும் கலக்கிறார்கள். மங்கிலேயே உறைந்துபோகும் பால்தான் அதற்கு மூலப்பொருள். சாலை நீண்ட நாள் உழைக்க அது உதவும். பாதத்துக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. பாட்டிக்கு இதைச் சொன்னபோது, "அப்ப நான் சீவுன பாலு மேலதான் நீ ஓடுறியா?" என்று கேட்டார்.

இப்போது வலி போய்விட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள், வெளிச்சம் வந்ததும் ஏழரை மணிக்குக் கிளம்புகிறோம். வாசலைத் தாண்டியதும் குனிந்து, புறங்கையைச் சாலையில் வைத்து ஏழு எண்ணுகிறேன். அண்டை வீட்டுக்காரர் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைக்கிறார். முதல் வாரம் இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. பத்துக் கிலோமீட்டருக்கு இன்னும் வெகுதூரம் இருக்கிறது. தாமான் முடியும் இடத்தில், சாலைக்கும் வாய்க்காலுக்கும் நடுவே ஒரு முழ அகலத்துக்குப் புல் வளர்ந்து கிடக்கிறது. கயிற்றைத் தளர்த்தினால் கறுப்பன் நேராக அங்கே போய்விடுகிறான். நான் அவன் பின்னால் ஓடுகிறேன்.