உவரிக் காற்றில் லிச்சி காய்க்குமா?

கோடை விடுமுறையில் உவரிக்குப் போனால் கடலுக்கு முன்னால் கண்ணில் படுவது நுங்குக் குவியல்தான். அந்தோணியார் கோயிலுக்கு வந்தவர்களும், சுயம்புலிங்க சுவாமிக்குக் கடல்மண் சுமந்து முடித்தவர்களும் வெயிலுக்கு அங்கேதான் ஒதுங்குவார்கள். சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு சிறுவன் நுங்கை வாயில் போட்டதும், "அம்மா, லிச்சி மாதிரியே இருக்கு" என்றான். வெட்டிக்கொண்டிருந்தவர் அரிவாளை நிறுத்தினார். "லிச்சியா? அது எந்த ஊருப் பழம் தம்பி?"

பையனுக்கு அது பாட்டிலில் வரும் சுவை. எந்த ஊர் என்று அவனுக்கும் தெரியவில்லை. கேள்வி நல்ல கேள்வி.

லிச்சியின் பிறந்த வீடு தென் சீனா. எட்டாம் நூற்றாண்டில் தாங் வம்சப் பேரரசர் சுவான்சோங், தன் பிரியத்துக்குரிய யாங் குய்ஃபெய்க்காக, தெற்கிலிருந்து தலைநகருக்குக் குதிரை அஞ்சலில் லிச்சியை வரவழைத்தார் என்பது சீனர்கள் சலிக்காமல் சொல்லும் கதை. குதிரையை விரட்டியதற்குக் காரணம் உண்டு. லிச்சியைக் காயாகப் பறித்து வைக்கோலில் பழுக்கவைக்க முடியாது. மரத்திலேயே பழுக்க வேண்டும். பறித்த இரண்டு மூன்று நாளில் செந்தோல் பழுப்பாகிவிடும்.

அதன் அறிவியல் பெயரில் நம் பக்கத்து வாசனையும் கொஞ்சம் இருக்கிறது. 1782-இல் வெளியான தன் பயண நூலில் 'லிச்சி சைனென்சிஸ்' என்று அதற்குப் பெயர் வைத்தவர், புதுச்சேரியில் பல ஆண்டுகள் வாழ்ந்த பிரெஞ்சுக்காரர் பியேர் சொன்னரா.

பர்மா வழியாக வங்கத்துக்கு வந்த மரம் பீகாரில் நிலைத்துவிட்டது. இன்று சீனாவுக்கு அடுத்து அதிகம் விளைவது இந்தியாவில்தான். முசாபர்பூரின் 'ஷாஹி' லிச்சி 2018-இல் புவிசார் குறியீடு பெற்றது. தேசிய லிச்சி ஆராய்ச்சி மையமும் அங்கேதான் இருக்கிறது.

தண்ணீர் போதாது, குளிர் வேண்டும்

திசையன்விளைப் பக்கம் எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் வீட்டுப் புறவாசலில் ஒரு லிச்சி நிற்கிறது. எரு வைத்தார், கோடையில் குடம் குடமாக ஊற்றினார். "எட்டு வருசமா எலையாத்தான் தள்ளுது. ஒரு பூ காட்டல" என்கிறார். மரத்தில் குறையில்லை. குறை மார்கழியில் இருக்கிறது.

லிச்சி மிதவெப்ப மண்டலத்து மரம். கடும் உறைபனி விழுந்தால் இளங்கன்று கருகிவிடும். குளிரே இல்லாவிட்டால் பூக்காது. இரவு வெப்பநிலை சில வாரங்களாவது 15 டிகிரியை ஒட்டி இறங்க வேண்டும். அப்போதுதான் துளிர்விடுவதை நிறுத்தி, நுனிக்கிளையில் பூங்கொத்து கட்டும். முசாபர்பூர் 26-ஆம் பாகையில் இருக்கிறது. ஜனவரி இரவில் ஊரே போர்வைக்குள் இருக்கும். உவரி 8-ஆம் பாகைக்குச் சற்று மேலே. தை மாத நடுவிலும் கடற்காற்றில் சட்டையில்லாமல் திண்ணையில் படுக்கலாம். நமக்கு அது சுகம். லிச்சிக்கோ வருடம் முழுக்கத் துளிர்க்காலம். போதாக்குறைக்கு உப்புக்காற்று, தண்ணீர் நிற்காத தேரி மணல்.

தெற்கில் காய்க்கவே காய்க்காது என்று இதற்குப் பொருளில்லை. உயரம் ஏறினால் குளிர் கிடைக்கும். குடகு, வயநாடு மலைகளில் லிச்சி காய்க்கிறது. அதுவும் வடக்கைப் போல மே, ஜூனில் அல்ல, டிசம்பர், ஜனவரியில். மேட்டுப்பாளையத்தை அடுத்த கல்லாறில் 1900-இல் தொடங்கிய அரசுப் பழப்பண்ணையிலும் மங்குஸ்தான், துரியனோடு லிச்சி நிற்கிறது. மொரீசியஸ் தமிழர்களுக்கு அது கார்த்திகை, மார்கழிப் பழம். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் நம் ஆடி மாதம் அவர்களுக்குக் குளிர்காலம்; ஆடிக் குளிரில் அரும்புவது ஆண்டுக் கடைசியில் பழுக்கிறது.

வேலியில் இருக்கும் சொந்தம்

மரம்தான் வராதே தவிர, அதன் சொந்தக்காரர்கள் நம் ஊரில் நிறையப் பேர். மூட்டுவலிக்குத் தோசையில் அரைத்துச் சேர்க்கும் முடக்கற்றான், கரட்டுக் காட்டில் தானாய் வளரும் விராலி, நகைக்கும் பட்டுக்கும் நுரை தரும் பூந்திக்கொட்டை எல்லாம் லிச்சியின் குடும்பமே. ஜூலைச் சாரலில் குற்றாலத்துக் கடைகளில் மயிர் சிலிர்த்துக் கிடக்கும் ரம்புட்டான் ஒன்றுவிட்ட தங்கை. அது வெப்பமண்டலத்துப் பிள்ளை, குளிர் கேட்காது.

லிச்சியில் நாம் தின்னும் வெள்ளைச் சதை, விதையைப் போர்த்தியிருக்கும் பத்திரி. ஜாதிக்காயைச் சுற்றும் ஜாதிபத்திரியும், கொடுக்காப்புளியின் வெள்ளைச் சுளையும் அதே வகை. நுங்கு அப்படியல்ல. அது விதையின் உள்ளீடேதான், முற்றுவதற்கு முன். பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்று விதையின் சட்டை, மற்றது விதையின் வயிறு.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். முசாபர்பூரில் கோடைதோறும் குழந்தைகளைத் தாக்கிய மூளைநோயை ஆராய்ந்தவர்கள், 2017-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் லிச்சியோடு அதற்குள்ள தொடர்பை எழுதினார்கள். பழத்திலுள்ள ஹைப்போகிளைசின் என்ற நச்சு, இரவு சாப்பிடாமல் படுத்த குழந்தைகளின் ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிட்டது. 2019-இல் நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் அந்த நோயில் இறந்தபோது இந்தப் பேச்சு மீண்டும் எழுந்தது. வயிறார உண்ட பிள்ளைக்கு நாலு கனிந்த பழம் கெடுதல் செய்யாது. வெறும் வயிற்றில் செங்காயாக அள்ளித் தின்னவிடக் கூடாது.

நுங்கு வெட்டியவருக்குப் பதில் இதுதான்: லிச்சி, மார்கழியில் போர்வை தேடும் ஊர்களின் பழம். நாற்றங்காலில் யாராவது "கடற்கரையிலும் காய்க்கும்" என்று சொல்லி லிச்சிக் கன்றை நீட்டினால், உங்கள் ஊரில் ஜனவரி இரவுக்குப் போர்வை வேண்டுமா என்று யோசித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். மலையடிவாரத்தில் தண்ணீர் வசதியோடு நிலமிருந்தால் ரம்புட்டான் வையுங்கள். உவரித் தேரியில் இடமிருந்தால் பனங்கொட்டையைப் புதையுங்கள். காய்க்கப் பல வருடம் ஆகும். ஆனால் ஒருமுறை காய்த்தால் பேரன் காலத்துக்கும் நிற்கும். குடத்துத் தண்ணீரும் கேட்காது, குளிரும் கேட்காது.